அந்தலூசியாவின் உணவும் மதுவும்: ஒரு வரலாறு

அந்தலூசியா என்பது ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில் உள்ள தன்னாட்சிப் பகுதியாகும். செவீயா, கோர்தோபா, கிரனாடா, மாலகா, காதிஸ், ஹாயென், உவெல்வா, அல்மேரியா என எட்டு மாகாணங்கள் இதில் அடங்கும். ஆலிவ் எண்ணெய், ஷெர்ரி மது, கஸ்பாச்சோ என்னும் குளிர்ந்த சாறு, மதுக்கடைகளில் சிறு தட்டில் வரும் தாப்பா ஆகியவற்றால் இப்பகுதி இன்று உலகெங்கும் பேர்பெற்றுள்ளது. வெயிலும் விருந்தும் ஓய்வுமாகக் காலம் கழிக்கும் மக்கள் என்றே சுற்றுலா நூல்கள் அந்தலூசியர்களை எழுதிவருகின்றன. அந்த விருந்து எப்படி வந்தது, அதற்கு உழைத்தவர்கள் என்ன உண்டார்கள் என்று கேட்டால் கதை வேறு திசையில் செல்கிறது. இப்பகுதியில் ஒருவர் எந்தக் கொழுப்பில் சமைத்தார் என்பதே அவர் உயிருக்கு உலையாக அமைந்த காலமும் உண்டு.

தொல்காலமும் உரோமர் ஆட்சியும்

இன்றைய லெபனான் கடற்கரையிலிருந்து வந்த பினீசிய வணிகர்கள் காதிஸ் நகரை நிறுவினர். அவர்கள் அதைக் காதிர் என்று அழைத்தனர். எரேஸ் நகருக்கு அருகில், தோஞ்ஞா பிளாங்கா கோட்டை என்னும் அகழாய்வு இடத்தில் பினீசியர் காலத்துத் திராட்சை பிழியும் தொட்டிகள் கிடைத்துள்ளன. ஆகவே இப்பகுதியின் மது வரலாறு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமை உடையது எனலாம்.

உரோமர்கள் இந்நிலத்தைப் பேட்டிகா மாகாணம் என்றனர். குவாதல்கிவிர் ஆற்றின் கரையெங்கும் ஆலிவ் தோப்புகள் பெருகின. எண்ணெய் பெரிய மண்சாடிகளில் நிரப்பப்பட்டு ஆற்று வழியே கடலுக்கும், அங்கிருந்து உரோமுக்கும் சென்றது. ஒரு சாடி ஏறக்குறைய 70 லிட்டர் கொள்ளும். எண்ணெய் ஊறிய சாடிகளை மறுபடி பயன்படுத்த முடியாததால் உரோமர்கள் அவற்றை உடைத்து ஓரிடத்தில் குவித்தனர். அக்குவியல் இன்றும் உரோம் நகரில் மோந்தே தெஸ்தாச்சியோ என்னும் பெயரில், சுமார் 35 மீட்டர் உயரக் குன்றாக நிற்கிறது. முழுக்க ஓட்டுச் சில்லுகளால் ஆன அக்குன்றின் பெரும்பகுதி பேட்டிகாவின் எண்ணெய்ச் சாடிகளே. பல சில்லுகளில் எடை, அனுப்பியவர் பெயர், அனுப்பிய ஊர் ஆகியவை மையால் எழுதப்பட்டுள்ளன. ஒரு பேரரசின் வணிகக் கணக்கேடு குப்பை மேட்டில் பிழைத்துக் கிடப்பது வரலாறு பயில்வோருக்குப் பெரிய வாய்ப்பு.

கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை குறித்துப் பன்னிரண்டு தொகுதிகள் எழுதிய கொலுமெல்லா, காதிஸில் பிறந்தவர். தாரிபாவுக்கு அருகில் பாயெலோ கிளவுடியா என்னும் உரோம ஊரின் இடிபாடுகளில் மீன் உப்பிட்ட தொட்டிகள் இன்றும் கடலோரத்தில் காணப்படுகின்றன. அங்கே தயாரான காரும் என்னும் புளித்த மீன்சாறு உரோமச் செல்வர்களின் சமையலில் முதன்மை பெற்றிருந்தது.

நீரும் செடியும் சொல்லும்

கி.பி. 711-இல் தாரிக் இப்னு சியாத் தலைமையில் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்தன. 756-இல் கோர்தோபாவில் உமையா மரபின் அமீரகம் அமைந்தது. 929-இல் அது கலீபா ஆட்சியாக உயர்ந்தது. அரபுகள் இந்நிலத்தை அல்-அந்தலுஸ் என்றனர். இன்றைய பெயர் அதன் திரிபாகும்.

உணவு வரலாற்றில் இக்காலத்தின் பெருங்கொடை நீர்ப்பாசனம் என்றே சொல்ல வேண்டும். உரோமர் விட்டுச்சென்ற கால்வாய்கள் சீரமைக்கப்பட்டன, புதியன வெட்டப்பட்டன, ஆற்றுநீரை மேலேற்றும் சக்கரங்கள் நிறுவப்பட்டன. கோடையில் வறண்டு கிடந்த வயல்களில் நெல், கரும்பு, கத்தரி, கீரை, எலுமிச்சை, கசப்பு ஆரஞ்சு ஆகியவை விளைந்தன. ஸ்பானிய மொழி இதற்குச் சாட்சி. கால்வாய்க்கு அசேக்கியா, நீர்ச்சக்கரத்துக்கு நோரியா, அரிசிக்கு அரோஸ், சர்க்கரைக்கு அசூக்கர், குங்குமப்பூவுக்கு அசப்ரான், எண்ணெய்க்கு அசெய்தே என்பன எல்லாம் அரபு வழி வந்த சொற்கள். ஆலிவ் மரத்துக்கு இலத்தீன் வழி ஒலீவோ என்ற சொல் நிலைத்திருக்க, அதன் காய்க்கும் எண்ணெய்க்கும் அரபுச் சொற்கள் வழங்குகின்றன. மரம் உரோமருடையது, சமையலறை அரபுகளுடையது என்று மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இச்சொற்களில் இரண்டு நம்மைத் தொடுவன. ஆரஞ்சைக் குறிக்கும் நரான்ஹா என்ற ஸ்பானியச் சொல், அரபில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், வடமொழியில் நாரங்க என்று பின்னோக்கிச் செல்கிறது. அதன் வேர் திராவிட மொழியிலிருந்து வந்திருக்கலாம் என மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். நமது நாரத்தையை அவர்கள் ஒப்பிட்டுக் காட்டுகின்றனர். கத்தரிக்காயின் ஸ்பானியப் பெயர் பெரன்ஹேனா. இதுவும் அரபு, பாரசீகம், வடமொழி என்ற அதே பாதையில் சென்று, பழந்தமிழ் வழுதுணையோடு உறவுடைய ஒரு திராவிடச் சொல்லில் முடிகிறது. இச்சொல்லின் போர்த்துக்கீசிய வடிவம் கப்பலேறி இந்தியா வந்து, இந்திய ஆங்கிலத்தில் பிரிஞ்சால் ஆயிற்று. கிழக்கிலிருந்து புறப்பட்ட சொல் உலகைச் சுற்றி வேற்று உடையில் வீடு திரும்பியது போன்றது இது.

கி.பி. 822-இல் பாக்தாதிலிருந்து கோர்தோபா வந்த இசைக்கலைஞர் சிர்யாப், உணவைச் சாறு, இறைச்சி, இனிப்பு என வரிசையாகப் பரிமாறும் முறையைப் புகுத்தினார் என்பர். அவரைப் பற்றிய செய்திகளில் பல, நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒரு நூலிலிருந்தே வருவதால், ஒரே மனிதர் இத்தனையும் செய்தார் என்பதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இதைவிட உறுதியான சான்றுகள் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் செவீயாவைச் சேர்ந்த இப்னு அல்-அவ்வாம் எழுதிய வேளாண் நூல் 500-க்கும் மேற்பட்ட தாவரங்களைப் பேசுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் முர்சியாவைச் சேர்ந்த இப்னு ரசீன் அத்-துஜீபி, கிறித்தவப் படைகள் முன்னேறியபோது ஊரைவிட்டு வெளியேறித் தூனிசில் குடியேறினார். அங்கிருந்துகொண்டு தம் இழந்த நாட்டின் சமையலை ஒரு பெரிய நூலாக எழுதிவைத்தார்.

இஸ்லாம் மதுவை விலக்கினாலும் அல்-அந்தலுஸில் திராட்சைத் தோட்டங்கள் அழியவில்லை. மதுவைப் பாடும் கவிதை மரபே அங்கு செழித்தது. 966-இல் இரண்டாம் அல்-ஹக்கம் எரேஸ் பகுதித் திராட்சைக் கொடிகளைப் பிடுங்க ஆணையிட்டதாகவும், உலர்திராட்சை படைவீரர்களுக்கு உணவாகும் என்று ஊரார் வாதிட்டுப் பெரும்பகுதியைக் காப்பாற்றியதாகவும் ஒரு கதை வழங்குகிறது.

தட்டில் தேடப்பட்ட மதம்

1236-இல் கோர்தோபா, 1248-இல் செவீயா, 1264-இல் எரேஸ், இறுதியாக 1492-இல் கிரனாடா என ஒவ்வொன்றாகக் கிறித்தவ அரசர்களிடம் வீழ்ந்தன. 1492-ஆம் ஆண்டிலேயே, மதம் மாற மறுத்த யூதர்கள் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்டனர். மாறியவர்கள் உண்மையாகவே மாறினார்களா என்று கண்காணிக்க 1478-இல் அனுமதி பெற்று அமைக்கப்பட்ட மதவிசாரணை மன்றம், 1481-இல் செவீயாவில் முதன்முதலாக ஆட்களை எரித்தது.

ஒருவர் உள்ளத்தில் என்ன நம்புகிறார் என்பதை வெளியே இருந்து எப்படி அறிவது? விசாரணையாளர்கள் அடுக்களையை நோக்கினர். யூத மரபில் சனிக்கிழமை அடுப்பு மூட்டக்கூடாது. ஆகவே வெள்ளி மாலையே கொண்டைக்கடலை, இறைச்சி, காய்கள் சேர்த்த அதாபினா என்னும் குழம்பை மண்பானையில் ஏற்றி, இரவு முழுதும் தணலில் வைப்பர். சனிக்கிழமை எந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை வரவில்லை என்று பார்த்தாலே ஐயத்துக்கு இடம் கிடைத்தது. வேலைக்காரிகளும் அண்டை வீட்டாரும் சாட்சியம் சொன்னார்கள். அக்காலத்து வரலாற்றெழுத்தாளரும் செவீயா அருகே பாதிரியாராக இருந்தவருமான அந்திரேஸ் பெர்னால்தெஸ், யூதர்கள் பன்றிக் கொழுப்பை விட்டு ஆலிவ் எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் இட்டு இறைச்சி சமைப்பதையும், அதனால் அவர்கள் வீடுகள் நாறுவதையும் வெறுப்போடு குறித்துள்ளார். இன்று அந்தலூசியாவின் பெருமை என்று கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்கப்படும் அதே எண்ணெயின் மணம்தான் அது.

அதாபினா மறையவில்லை. பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சேர்க்கப்பட்டு, கிறித்தவ வீடுகளின் கொண்டைக்கடலைக் குழம்பாக அது தொடர்ந்தது என உணவு வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். பன்றி உண்பது பக்தியின் அடையாளமானது. வீட்டிலும் கடையிலும் எல்லோர் கண்ணிலும் படுமாறு பன்றித் தொடையைத் தொங்கவிடும் வழக்கத்துக்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்பது என் கருத்து. சுவை மட்டுமே காரணம் என்று நினைப்பதற்கில்லை.

மதம் மாறிய முஸ்லிம்களான மொரிஸ்கோக்களின் நிலையும் இதுவே. தரையில் அமர்ந்து, பொதுத் தட்டிலிருந்து கூஸ்கூஸ் உண்டது கூட விசாரணை ஏடுகளில் குற்றச்சான்றாகப் பதிவானது. 1567-இல் அரபு மொழி, உடை, குளியலறை ஆகியவற்றைத் தடைசெய்யும் ஆணை வந்தபோது, கிரனாடாவின் முதிய மொரிஸ்கோ பிரமுகர் பிரான்சிஸ்கோ நூஞ்ஞெஸ் முலே ஒரு விண்ணப்பம் எழுதினார். உடையும் மொழியும் வட்டார வழக்கங்கள், மதத்தோடு அவற்றுக்குத் தொடர்பில்லை என்பது அவர் வாதம். அது ஏற்கப்படவில்லை. 1568 முதல் 1571 வரை அல்புஹாரா மலைப்பகுதியில் கிளர்ச்சி நடந்து ஒடுக்கப்பட்டது. 1609-க்கும் 1614-க்கும் இடையே நாடு முழுவதிலுமிருந்து சுமார் மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களோடு பாசனத் திறனும் பெருமளவு போயிற்று. பல சிற்றூர்கள் ஆளின்றிக் கிடந்தன.

கடல் கடந்து வந்த காய்கள்

கொலம்பஸ் 1492 ஆகஸ்டில் புறப்பட்ட பாலோஸ் துறைமுகம் உவெல்வா மாகாணத்தில் உள்ளது. 1503 முதல் அமெரிக்க வணிகம் முழுவதும் செவீயா வழியே நடந்தது. 1717-இல் அந்த அலுவலகம் காதிஸுக்கு மாறியது. தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் ஆகியவற்றை ஐரோப்பாவில் முதலில் கண்ட ஊர்களில் செவீயாவும் ஒன்று.

ஆனால் ஏழை அடுக்களையில் நுழைய அவை காலம் எடுத்துக்கொண்டன. செவீயாவின் ஒரு மருத்துவமனை 1608-இல் தக்காளி வாங்கியதற்குக் கணக்கு உள்ளது. 1618-இல் செவீயாவின் இளம் ஓவியர் வெலாஸ்கெஸ், தம் 19-ஆம் வயதில், முட்டை பொரிக்கும் மூதாட்டி ஒருத்தியை வரைந்தார். மண்சட்டியில் முட்டை வேகிறது. பக்கத்தில் வெங்காயம், மிளகாய், உரல். சிறுவன் கையில் முலாம்பழமும் மதுக்குடுவையும். இப்போது எடின்பரோவில் இருக்கும் அவ்வோவியத்தைப் போல அன்றைய எளிய வீட்டைக் காட்டும் ஆவணம் வேறில்லை. 1646-இல் முரில்லோ வரைந்த வானவர் சமையல் செய்யும் ஓவியத்தில் தக்காளியும் கத்தரியும் பூசணியும் அருகருகே கிடக்கின்றன.

கஸ்பாச்சோ என்றதும் சிவப்புத் தக்காளிச் சாறே இன்று நினைவுக்கு வரும். ஆயினும் அதன் மூலவடிவத்தில் தக்காளி இல்லை. காய்ந்த ரொட்டி, பூண்டு, உப்பு, எண்ணெய், காடி, தண்ணீர் ஆகியவற்றை மரக்கலத்தில் இடித்துக் கரைத்ததே பழைய கஸ்பாச்சோ. தக்காளி அதில் பரவலாகச் சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். பாதாம் பருப்பும் பூண்டும் ரொட்டியும் அரைத்துச் செய்யும் அஹோபிளாங்கோ என்ற வெண்சாறு மாலகாவிலும் கிரனாடாவிலும் இன்றும் உண்டு. பழைய வடிவத்தை அறிய விரும்புவோர் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஷெர்ரி

அரபுகள் எரேஸ் நகரை ஷரீஷ் என்றனர். அப்பெயர் ஆங்கிலேயர் நாவில் ஷெர்ரி ஆனது. எரேஸ், சன்லூக்கர் தே பர்ரமேதா, எல் புவெர்த்தோ தே சாந்தா மரியா ஆகிய மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட முக்கோணமே இம்மதுவின் தாயகம். அங்குள்ள அல்பாரிசா என்னும் வெண்சுண்ண மண் குளிர்கால மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையே இல்லாத கோடையில் கொடிகளுக்கு ஈரம் தருகிறது. பலோமினோ என்ற வெள்ளைத் திராட்சையே பெரும்பாலும் பயிராகிறது.

புளித்த சாற்றுடன் திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவேற்றுகின்றனர். சுமார் 15 விழுக்காடு வலுவில் நிறுத்தினால் மதுவின் மேல் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் வெண்படலமாகப் படர்கின்றன. அதைப் பூ என்றே அழைக்கின்றனர். காற்றுப் படாமல் அது காப்பதால் மது வெளிர்நிறத்துடன் பினோ ஆகிறது. வலுவை 17 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் படலம் வாழாது. காற்றுப் பட்டுப் பழுப்பேறி ஒலோரோசோ ஆகிறது. சன்லூக்கரின் கடற்காற்றில் முதிர்வது மன்சனில்யா.

முதிர்விக்கும் முறையும் தனித்தன்மை உடையது. பீப்பாய்களை அடுக்கடுக்காக வைத்து, தரையிலுள்ள அடுக்கிலிருந்து ஒரு பகுதியை மட்டும் விற்பனைக்கு எடுப்பர். குறைந்த அளவை அதற்கு மேலுள்ள அடுக்கிலிருந்தும், அதை அதற்கும் மேலிருந்தும் நிரப்புவர். கடைசி அடுக்கில் புதுமது சேரும். எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதில்லை. அதனால் வழக்கமான ஷெர்ரிப் புட்டியில் அறுவடை ஆண்டு இராது. பாட்டன் காலத்து மதுவின் சில துளிகள் பேரன் குடிக்கும் கோப்பையிலும் இருக்கும்.

1587-இல் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் காதிஸ் துறைமுகத்தைத் தாக்கிச் சுமார் 2,900 பீப்பாய் மதுவைக் கொண்டுசென்றார். இங்கிலாந்தில் அதன் புகழ் மேலும் பரவியது. பின்னாளில் ஆங்கிலேய, ஐரிஷ், ஸ்காட்லாந்து வணிகர்கள் எரேஸிலேயே குடியேறி மதுச்சாலைகள் நிறுவினர். ஆஸ்போர்ன், கார்வி, சாண்டமன் ஆகிய பெயர்கள் இன்றும் புட்டிகளில் உள்ளன. 1894-இல் பிலாக்செரா என்னும் பூச்சி எரேஸ் தோட்டங்களை அடைந்து கொடிகளின் வேரை அழித்தது. அமெரிக்கக் கொடி வேரில் ஒட்டுக்கட்டி மீட்டனர். பெயருக்கு 1930-களில் ஸ்பெயினில் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மற்ற நாட்டு மதுக்கள் ஷெர்ரி என்ற பெயரைச் சூட்டிக்கொள்வது 1996-இல்தான் முடிவுக்கு வந்தது.

ஒரு துணைச் செய்தி. மதுவைத் தெளிவிக்க முட்டையின் வெள்ளைக்கருவைப் பயன்படுத்தினர். மிஞ்சிய மஞ்சள்கருவை எரேஸின் கன்னியர் மடங்களுக்குக் கொடுத்துவிட, அவர்கள் அதில் சர்க்கரைப் பாகு சேர்த்து தோசினோ தே சியெலோ என்ற இனிப்பைச் செய்தனர் என்பர். இன்றும் அந்தலூசியாவின் சில மடங்களில், முகம் காட்டாத துறவியர் சுவரில் பொருத்திய சுழல்பலகை வழியே இனிப்பை விற்கின்றனர்.

ஆலிவ் தோப்பும் கூலியும்

கிறித்தவ அரசர்கள் வென்ற நிலத்தைப் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் பெரும் பரப்புகளாகப் பங்கிட்டனர். 19-ஆம் நூற்றாண்டில் மடங்களின் நிலமும் ஊர்ப் பொதுநிலமும் ஏலத்துக்கு வந்தபோது, பணம் படைத்தவர்களே அவற்றை வாங்கினர். சிலர் கையில் ஆயிரக்கணக்கான ஏக்கர். பலருக்குக் கையளவும் இல்லை. தினக்கூலிகள் விடியலில் ஊர்ச் சதுக்கத்தில் நிற்பார்கள். பண்ணையின் கங்காணி வந்து வேண்டியவர்களைப் பொறுக்கிச் செல்வார். எஞ்சியவர்களுக்கு அன்று வேலையும் இல்லை, ரொட்டியும் இல்லை. ஆலிவ் அறுவடை முடிந்தால் மாதக்கணக்கில் இதே நிலைதான்.

பண்ணையில் கூலியோடு ரொட்டி, எண்ணெய், காடி கொடுப்பது வழக்கம். அதில் செய்ததே கஸ்பாச்சோ: கோடையில் குளிர்ந்ததாக, குளிர்காலத்தில் சூடாக. நடுவில் ஒரே பெரிய கலம் இருக்கும். ஒவ்வொருவரும் ஓரடி முன்வந்து ஒரு கரண்டி எடுத்து, அடுத்தவருக்கு வழிவிட்டுப் பின்வாங்க வேண்டும். இன்று உணவகங்களில் அலங்காரத்தோடு வரும் சாறு, இந்த வரிசையில் பிறந்தது.

1892 ஜனவரி 8 இரவு சில நூறு கூலிகள் எரேஸ் நகருக்குள் புகுந்தனர். அடுத்த மாதம் நால்வருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிளாஸ்கோ இபாஞ்ஞெஸ் 1905-இல் வெளியிட்ட 'மதுச்சாலை' என்னும் பொருள்படும் நாவல் இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டது. 1933 ஜனவரியில் காதிஸ் மாகாணத்துக் காசாஸ் வியேஹாஸ் சிற்றூரில் எழுந்த கிளர்ச்சியை அரசுப் படை ஒடுக்கியபோது 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு குடிசை உள்ளிருந்தவர்களோடு எரிக்கப்பட்டது. ஹாயென் மாகாணத்து ஆலிவ் மரங்கள் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு, உள்நாட்டுப் போரின்போது 1937-இல் கவிஞர் மிகெல் எர்னாண்டெஸ் ஒரு கவிதை எழுதினார். பின்னர் அவர் பிராங்கோ ஆட்சியின் சிறையில் இறந்தார். அக்கவிதையே இப்போது ஹாயென் மாகாணத்தின் அதிகாரப்பூர்வப் பாடல்.

1939-இல் போர் முடிந்தபின் வந்த ஆண்டுகளை முதியோர் பசி ஆண்டுகள் என்றே அழைத்தனர். 1952 வரை பங்கீட்டு அட்டை முறை நீடித்தது. எண்ணெய் விளையும் நாட்டில் எண்ணெய் கள்ளச்சந்தையில் விற்றது. 1950 முதல் 1970-கள் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தலூசியர்கள் கதலோனியாவுக்கும் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் பிழைக்கச் சென்றனர். இன்று ஹாயெனில் மட்டும் ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் உள்ளன; உலகில் மிக அதிகமாக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின், அதில் பெரும்பங்கு அந்தலூசியாவினுடையது.

இன்றைய அன்றாடம்

அந்தலூசியர்கள் நண்பகல் உணவை 2 அல்லது 3 மணிக்கும், இரவு உணவை 9 அல்லது 10 மணிக்கும் உண்பது வெளியூரார்க்கு வியப்பளிக்கும். இதைச் சோம்பல் என்று எழுதியவர்கள் உண்டு. காரணம் பெருமளவு கடிகாரத்தில் இருக்கிறது. 1940-இல் பிராங்கோ அரசு ஸ்பெயினின் கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்தோடு இணைத்தது. அது திரும்ப மாற்றப்படவே இல்லை. செவீயாவோ கிரீன்விச்சுக்கும் மேற்கே உள்ளது. எனவே கோடையில் அங்கு சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய 2.30 காட்டும். அவர்கள் உச்சிப்பொழுதில்தான் உண்கிறார்கள். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் ஊர்களில் பிற்பகல் கடையடைப்பும் இயல்பானதே.

செவீயாவின் புகழ்பெற்ற ஏப்ரல் திருவிழா 1847-இல் கால்நடைச் சந்தையாகத் தொடங்கியது. மாடு விற்க வந்தவர்கள் தங்கிய கூடாரங்களே நாளடைவில் ஆடலும் உண்டாட்டும் நிகழும் பந்தல்களாயின. அந்நகரத் தெருக்களில் நிழலுக்கு நடப்பட்ட ஆயிரக்கணக்கான கசப்பு ஆரஞ்சு மரங்கள் வசந்தத்தில் பூத்து மணக்கும். பழத்தை உள்ளூரார் உண்பதில்லை. மார்மலேடு செய்ய அது நெடுங்காலமாக இங்கிலாந்துக்குச் செல்கிறது.

தாப்பா என்ற சொல்லுக்கு மூடி என்பது பொருள். கடற்கரைக் காற்றில் பறந்த மணல் விழாமல் ஓர் அரசரின் மதுக்கோப்பையை இறைச்சித் துண்டால் மூடிக் கொடுத்தார்களாம். அதிலிருந்து பிறந்ததாம் இவ்வழக்கம். எந்த அரசர் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு இருப்பதால் இதை வரலாறாகக் கொள்ள இயலாது. வெயில் மிகுந்த ஊரில் வெறும் வயிற்றில் மது அருந்தாதிருக்கச் சிறிது தின்பண்டம் தேவைப்பட்டது என்பதே போதிய விளக்கம். மாலகாவில் கடலோர மணலில் கம்பில் கோத்துச் சுட்ட மத்தி மீன், காதிஸில் மாவு தோய்த்துப் பொரித்த சிறுமீன், கோர்தோபாவில் சல்மொரேஹோ என்ற கெட்டியான தக்காளி ரொட்டிக் கூழ் என ஊருக்கு ஊர் தட்டு மாறும். பெரும்பாலான நகரங்களில் அதற்குத் தனியே விலை கொடுக்க வேண்டும். கிரனாடா, ஹாயென், அல்மேரியா ஆகிய மூன்று மாகாணங்களில் மட்டும் ஒரு கோப்பை மது கேட்டால் தாப்பா ஒன்று விலையின்றிக் கூடவே வரும் வழக்கம் இன்னும் பரவலாக உள்ளது.